மூன்று பேரைத் தாண்டி ஒரு தலைமை நீதிபதி: 1973 ஏப்ரல் நியமனம் குறித்த நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா என்ற கேள்வியை எழுப்பிய கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பளித்தது. மறுநாள் தலைமை நீதிபதி எஸ்.எம். சிக்ரியின் பணிக்காலம் முடிந்தது. அன்று மாலையே அகில இந்திய வானொலி, அடுத்த தலைமை நீதிபதியாக ஏ.என். ரே நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று அறிவித்தது. பணிமூப்பில் ரேக்கு முன்னால் ஜே.எம். ஷெலட், கே.எஸ். ஹெக்டே, ஏ.என். குரோவர் என்று மூன்று நீதிபதிகள் இருந்தனர். தாங்கள் ஒதுக்கப்பட்ட செய்தி அவர்களுக்கும் வானொலி வழியாகவே தெரியவந்தது. ஏப்ரல் 26 அன்று ரே பதவியேற்றார். மூவரும் பதவி விலகினர்.

ஒரு நீதிபதி அரசமைப்புச் சட்டத்தை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பார்த்து அவரைத் தேர்வு செய்யும் உரிமை அரசுக்கு உண்டா என்ற கேள்வி, இந்தியாவில் முதன்முதலாக நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக எழுந்தது இந்த நியமனத்தை ஒட்டித்தான். உண்டு என்று ஓர் அமைச்சர் எழுந்து நின்று சொன்னார். அவர் சொன்னது முழுக்கத் தவறா என்பதையும், அதைச் செயல்படுத்திய முறையில் என்ன பிழை என்பதையும் தனித்தனியாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த விவாதம் நகரவில்லை என்பது என் கருத்து.

பின்னணி: எழுதிய விதியும் எழுதாத மரபும்

அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். தலைமை நீதிபதி தவிர்த்த பிற நீதிபதிகளை நியமிக்கும்போது தலைமை நீதிபதியைக் கட்டாயம் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. தலைமை நீதிபதியையே நியமிக்கும்போது யாரைக் கேட்பது என்பதற்கு அப்படிக் கட்டாயமான ஏற்பாடு எதுவும் இல்லை. மூத்தவரையே நியமிக்க வேண்டும் என்ற வரியும் இல்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்த விடுபடல் அல்ல. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதிக்கப்பட்டபோது, தலைமை நீதிபதியின் இசைவு இல்லாமல் நியமனம் கூடாது என்று சென்னை மாகாணத்திலிருந்து வந்த பி. போக்கர் சாகிப் போன்ற உறுப்பினர்கள் கேட்டனர். நாடாளுமன்ற மேலவையையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற யோசனையும் வந்தது. அம்பேத்கர் இரண்டையும் ஏற்கவில்லை. தலைமை நீதிபதி எவ்வளவு சிறந்தவரானாலும் எல்லோரையும் போலக் குறைகளும் சார்புகளும் உள்ள மனிதர்தான், அவர் கையில் மறுப்பதிகாரத்தைக் கொடுக்க முடியாது என்றார். அமெரிக்காவில் செனட் செய்வதுபோல அவையின் ஒப்புதலுக்கு விட்டால் அரசியல் அழுத்தம் உள்ளே வந்துவிடும் என்றார். இரண்டுக்கும் நடுவில், ஆலோசனை பெற்று அரசு நியமிக்கும் வழியே ஏற்கப்பட்டது.

எழுதாமல் விட்ட இடத்தை மரபு நிரப்பியது. 1951இல் முதல் தலைமை நீதிபதி கனியா பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்த மூத்தவரான சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரியை விட்டுவிட்டு வேறொருவரை நியமிக்க அரசு யோசித்ததாகவும், சக நீதிபதிகள் பதவி விலகுவோம் என்று சொன்னதால் அது கைவிடப்பட்டதாகவும் சொல்லப்படுவதுண்டு. எப்படியிருந்தாலும் சாஸ்திரிதான் தலைமை நீதிபதியானார். 1964இல் மூத்த நீதிபதி ஜாபர் இமாமைத் தாண்டி கஜேந்திரகட்கர் நியமிக்கப்பட்டார். இமாமின் உடல்நலக் குறைவே அதற்குக் காரணம், அதை யாரும் பெரிதாக எதிர்க்கவும் இல்லை. மற்றபடி 1973 வரை பணிமூப்பே நடைமுறையாக இருந்தது.

இந்த மரபைக் கேள்வி கேட்டவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், சட்ட அறிஞர்கள். எம்.சி. சேதல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1958இல் அளித்த பதினான்காவது அறிக்கையில், இத்தகைய ஒரு பதவிக்கு வெறும் பணிமூப்பு போதுமான அளவுகோலாக இருக்க முடியாது என்று எழுதியது. தலைமை நீதிபதி திறமையும் அனுபவமும் உள்ளவராக இருப்பதோடு, நிர்வாகம் தெரிந்தவராகவும், ஆட்களை எடைபோடத் தெரிந்தவராகவும், எல்லாவற்றுக்கும் மேலாக உறுதியான சுதந்திர மனமும் உயர்ந்த ஆளுமையும் கொண்டு நீதித்துறையின் சுதந்திரத்தைக் காவல் காப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பகுதியின் சாரம். ஆணைய உறுப்பினர்களில் எம்.சி. சாக்லாவும் நானி பல்கிவாலாவும் இருந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்த அறிக்கை யார் கையில், எதற்காக எடுக்கப்பட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பின்னணி: திருத்தும் அதிகாரம் பற்றிய சச்சரவு

அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அல்லது குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அரசு இயற்றக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் முறையைச் சொல்கிறது 368ஆம் பிரிவு. திருத்தமும் 13ஆம் பிரிவு சொல்லும் சட்டத்தில் அடங்குமா? அடங்கும் என்றால், அடிப்படை உரிமைகளில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது. அடங்காது என்றால், மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை உள்ள ஓர் அரசு விரும்பினால் எதையும் மாற்றலாம்.

1951இல் சங்கரி பிரசாத் வழக்கில், அடங்காது என்று பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். 1964இல் சஜ்ஜன் சிங் வழக்கில் அதே முடிவு நிலைத்தது, ஆனால் இரண்டு நீதிபதிகள் ஐயம் தெரிவித்தனர். 1967இல் கோலக்நாத் வழக்கில் பதினொரு நீதிபதிகளில் ஆறு பேர் நிலையை முற்றாகத் திருப்பினர். நாடாளுமன்றம் இனி அடிப்படை உரிமைகளைக் குறைக்க முடியாது என்றனர்.

நிலச் சீர்திருத்தமும் நாட்டுடைமையும் அரசின் முதன்மைத் திட்டங்களாக இருந்த காலம் அது. 1970 பிப்ரவரியில் வங்கி நாட்டுடைமைச் சட்டம் செல்லாது என்று பதினொரு பேரில் பத்துப் பேர் தீர்ப்பளித்தனர். மாறுபட்ட ஒருவர் ரே. அதே ஆண்டு டிசம்பரில் முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழித்த ஆணையும் வீழ்ந்தது. மாறுபட்ட இருவரில் ஒருவர் ரே. 1971 தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் 352 இடங்களை வென்றது. அந்தப் பலத்தில் 24ஆம் திருத்தம் கோலக்நாத் தீர்ப்பை மறுத்தது. 25ஆம் திருத்தம், செல்வம் ஓரிடத்தில் குவிவதைத் தடுக்கும் நெறிமுறைக் கோட்பாடுகளுக்காக இயற்றப்படும் சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. 26ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. 29ஆம் திருத்தம் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டங்களை, அடிப்படை உரிமைகளைக் காட்டி எதிர்க்க முடியாத சட்டங்களின் பட்டியலான ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, மடத்து நிலத்துக்காக 1970 மார்ச்சில் தாக்கல் செய்த மனு, இந்தத் திருத்தங்கள் அனைத்தையும் சோதிக்கும் வழக்காக வளர்ந்தது.

கவனிக்கப்பட்டவை: தீர்ப்பும் கையொப்பங்களும்

விசாரணை 1972 அக்டோபர் 31 அன்று தொடங்கி 1973 மார்ச் 23 வரை 68 நாட்கள் நடந்தது. மனுதாரருக்காகப் பல்கிவாலாவும், கேரள அரசுக்காக எச்.எம். சீர்வையும், மத்திய அரசுக்காக அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயும் வாதிட்டனர். சிக்ரி ஓய்வு பெறுவதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும் என்ற கெடு அனைவர் தலைக்கு மேலும் இருந்தது.

பதினொரு தனித்தனித் தீர்ப்புகள் எழுதப்பட்டன. அவற்றிலிருந்து எது பெரும்பான்மை முடிவு என்று சொல்வதே கடினமாக இருந்ததால், முடிவுகளைத் தொகுத்த ஒரு சுருக்கமான தாள் தயாரிக்கப்பட்டது. அதில் பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் கையெழுத்திட்டனர். ரே, மேத்யூ, பேக், துவிவேதி ஆகிய நால்வர் கையெழுத்திடவில்லை.

அந்தத் தாளை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும்: வழக்கில் அரசு கேட்டவற்றில் பெரும்பகுதி அதற்குக் கிடைத்திருந்தது. கோலக்நாத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. 24ஆம் திருத்தம் செல்லும். 29ஆம் திருத்தம் செல்லும். 25ஆம் திருத்தத்திலும், நீதிமன்றம் கேள்வியே கேட்கக் கூடாது என்ற ஒரு பகுதி மட்டுமே வீழ்ந்தது. ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் அரசுக்குப் பிடிக்காமல் போனது ஒரே வரி: திருத்தும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றும் அளவுக்கு நீளாது. அந்த ஏழாவது வாக்கு எச்.ஆர். கன்னாவுடையது, சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்று அவர் எழுதியதால், நில உச்சவரம்பைப் பொறுத்தவரை அரசுக்குப் பயப்பட எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணிமூப்பு வரிசை ஷெலட், ஹெக்டே, குரோவர், ரே என்று போகிறது. முதல் மூவரும் பெரும்பான்மையில் இருந்தவர்கள். அந்த வரிசையில் மேலிருந்து கீழே வந்தால், திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பில்லை என்று சொன்ன முதல் ஆள் ரே. அரசு கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பொறுக்கவில்லை. வாக்குப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் இறங்கி வந்தால் எங்கே நிற்குமோ அங்கேதான் அதன் விரல் நின்றது. அடுத்த மூத்தவரான ஜகன்மோகன் ரெட்டியும் பெரும்பான்மையில் இருந்தவர்தான்.

எடுக்கப்பட்ட முடிவு

வழக்கமாக ஓய்வு பெறும் தலைமை நீதிபதியிடம் அடுத்தவர் பற்றிக் கேட்பார்கள். இம்முறை சிக்ரியிடம் கேட்கப்படவில்லை. சட்டப்படி கேட்கக் கட்டாயமும் இல்லை.

வயதுக் கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. மரபைப் பின்பற்றியிருந்தால் ஷெலட் 1973 ஜூலை நடுப்பகுதி வரையும், ஹெக்டே 1974 ஜூன் வரையும், குரோவர் 1977 பிப்ரவரி நடுப்பகுதி வரையும் தலைமை நீதிபதியாக இருந்திருப்பார்கள். ரே 1977 ஜனவரி இறுதியிலேயே ஓய்வு பெற வேண்டியவர். வயதில் குரோவரைவிடச் சில நாட்கள் மூத்தவர். அதாவது மரபு நீடித்திருந்தால் ரே ஒருநாளும் தலைமை நீதிபதியாகியிருக்க முடியாது. முந்தியிருக்க வேண்டிய மூவரைத் தள்ளியதில் அரசுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நீளும் ஒரே தலைமை.

தீர்ப்பெழுதும்போது தலைமை நீதிபதிக்கும் ஒரு வாக்குத்தானே, அவருக்காக ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எந்த வழக்கை எத்தனை பேர் கொண்ட அமர்வு கேட்பது, அந்த அமர்வில் யார் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிப்பவர் அவர். பதின்மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்து ஒரு பழைய தீர்ப்பை மறுபடி திறக்கவும் அவரால் முடியும். இது வெறும் ஊகமல்ல என்பதை 1975 காட்டியது.

அமைச்சர் சொன்ன காரணம்

சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலேதான். ஆனால் மக்களவையில் அரசின் நிலையை முழு அளவில் எடுத்து வைத்தவர் எஃகு மற்றும் சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகன், ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டுப் பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனவர், 1966, 67இல் சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்கு வந்தவர். நீதிமன்றத்தை உள்ளே இருந்து அறிந்த வழக்கறிஞர் என்பதால்தான் அவரது மே 2 உரையை எளிதில் தள்ளிவிட முடியாது.

அவர் சொன்னது ஒளிவுமறைவற்றது. வங்கி வழக்கிலும், மன்னர் மானிய வழக்கிலும், கோலக்நாத் வழக்கிலும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்டிருந்தன; இந்த மோதல் முடிய வேண்டும்; காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று அறிந்தவர் தலைமைப் பதவியில் இருக்க வேண்டும்; ஆகவே ஒருவரது சட்ட அறிவையும் நேர்மையையும் மட்டுமின்றி அவரது கண்ணோட்டத்தையும் தத்துவத்தையும் பார்க்க அரசுக்கு உரிமை உண்டு. பணிமூப்பு புனிதமானதல்ல என்பதற்கு அவர் எடுத்துக்காட்டியது சட்ட ஆணையத்தின் 1958 அறிக்கையை.

இந்த வாதத்தின் முதல் பாதியில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போக முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் பெரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும்போது நீதிபதியின் உலகப் பார்வை உள்ளே வராமல் இருப்பதில்லை. சொத்துரிமையை முன்னால் வைப்பதா, 39ஆம் பிரிவு சொல்லும் பொது நலனை முன்னால் வைப்பதா என்பது இலக்கணத்தால் மட்டும் தீராத கேள்வி. கேசவானந்த வழக்கில் ஒரே ஆவணத்தைப் படித்த பதின்மூன்று கற்றறிந்தவர்கள் ஏழும் ஆறுமாகப் பிரிந்தது அதற்குச் சான்று. நீதிபதிக்குக் கண்ணோட்டமே கிடையாது என்று பாசாங்கு செய்தவர்களைவிட, உண்டு என்று சொன்ன குமாரமங்கலம் நேர்மையாகப் பேசினார்.

பிழை இரண்டாம் பாதியில் இருக்கிறது. கண்ணோட்டத்தைப் பார்க்கலாம் என்றால், யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? அமெரிக்காவிலும் ஜனாதிபதிகள் கண்ணோட்டம் பார்த்தே ஆளைத் தேர்ந்தார்கள். ஆனால் அங்கே பெயர் முதலில் வெளியே வருகிறது, செனட் குழு பகிரங்கமாகக் கேள்வி கேட்கிறது, மறுக்கவும் செய்கிறது. நிக்சன் முன்மொழிந்த ஹெய்ன்ஸ்வொர்த்தை 1969இலும், கார்ஸ்வெல்லை 1970இலும் செனட் நிராகரித்தது. 1973 இந்திய நியமனத்தில் கண்ணோட்டத்தை அளந்தவரும், முடிவெடுத்தவரும், பிறகு நாடாளுமன்றத்தில் நியாயம் சொன்னவரும் அரசே. அந்த அரசோ, தலைமை நீதிபதி முன்னால் வழக்காடிக்கொண்டிருந்த தரப்பு. பதவியேற்பு முடிந்து ஆறு நாட்கள் கழித்து நடந்த விவாதம் எதையும் மாற்ற வல்லதாக இருக்கவில்லை.

சட்ட ஆணைய அறிக்கையிலும் பாதிதான் எடுத்தாளப்பட்டது. பணிமூப்பு மட்டும் போதாது என்ற வரி வாசிக்கப்பட்டது. தலைமை நீதிபதி சுதந்திரத்தின் காவலராக இருக்க வேண்டும் என்ற தொடர்ச்சி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அறிக்கையை எழுதிய சேதல்வாட்டும், உறுப்பினர்களான சாக்லாவும் பல்கிவாலாவும் இந்த நியமனத்தைக் கடுமையாக எதிர்த்தது தற்செயலல்ல.

எதிர்வினை

உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் கண்டித்தது. பல ஊர்களில் வழக்கறிஞர்கள் எதிர்ப்புக் கூட்டம் நடத்தினர். ஜெயப்பிரகாஷ் நாராயண் பிரதமருக்கு எழுதினார். முன்னாள் தலைமை நீதிபதி இதயதுல்லா சொன்னதுதான் அதிகம் நிலைத்தது: இப்படிச் செய்வதால் முன்னோக்கிப் பார்க்கும் நீதிபதிகள் உருவாக மாட்டார்கள், தலைமைப் பதவியை எதிர்நோக்கிப் பார்க்கும் நீதிபதிகளே உருவாவார்கள். அரசின் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் தரும் சட்டங்களை இருபது ஆண்டுகளாக நீதிமன்றம் முடக்கி வந்தது என்பது அவர்களது கோபம், அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

குமாரமங்கலம் அந்த விவாதத்தின் பலனைப் பார்க்கவில்லை. மே 31 அன்று டெல்லி அருகே நடந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் அவர் இறந்தார்.

தொடர்ந்து நடந்தவை

முதல் விளைவு, ரே என்ற நீதிபதியின் மீதே விழுந்தது. வங்கி வழக்கிலும் மன்னர் மானிய வழக்கிலும் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகள் நியமனத்துக்கு முன் எழுதப்பட்டவை. அவை அவரது உண்மையான சட்டக் கருத்து என்று நம்பவே காரணம் அதிகம். ஆனால் கண்ணோட்டத்துக்காகவே தேர்ந்தெடுத்தோம் என்று அரசே சொன்ன பிறகு, அவர் அரசுக்குச் சாதகமாக எழுதிய எந்தத் தீர்ப்பையும் தீர்ப்பாக மட்டும் யாரும் படிக்கவில்லை. நியமித்தவர்கள் அவருக்குச் செய்த தீங்கு இது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. நவம்பர் 7 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்துக்கு அப்பால் வைத்த 39ஆம் திருத்தத்தின் பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பயன்பட்டது கேசவானந்த தீர்ப்பு சொன்ன அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடுதான். மூன்று நாட்கள் கழித்து, நவம்பர் 10 அன்று, கேசவானந்த தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யப் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ரே தலைமையில் கூடியது.

மறுபரிசீலனை மனு எதுவும் தாக்கலாகவில்லையே, யார் கேட்டு இந்த அமர்வு கூடியது என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாடு கேட்டது என்று தலைமை நீதிபதி சொன்னபோது, தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் கோவிந்த் சுவாமிநாதன் எழுந்து, தாங்கள் அப்படிக் கேட்கவே இல்லை என்று மறுத்தார். குஜராத்தின் தரப்பிலிருந்தும் அதே மறுப்பு வந்தது. பல்கிவாலாவின் வாதம் இரண்டு நாட்கள் நடந்தது. நவம்பர் 12 அன்று அமர்வு கலைக்கப்பட்டதாக ரே அறிவித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில், தலைமை நீதிபதியின் முகத்துக்கு நேரே ஒரு மாநில அரசின் வழக்கறிஞர் எழுந்து இல்லை என்று சொன்ன அந்தச் சில நொடிகளுக்கு, தமிழ்நாட்டின் சட்ட வரலாற்றில் கிடைத்திருக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

1976 ஏப்ரல் 28 அன்று ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையின்போது காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போடவே உரிமையில்லை என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ரே, பேக், சந்திரசூட், பகவதி அந்த நால்வர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1977 ஜனவரியில் ரே ஓய்வு பெற்றபோது அடுத்த மூத்தவர் கன்னாதான். அவரைத் தாண்டி பேக் நியமிக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். கன்னாவுக்கு இன்னும் ஆறு மாதங்கூட இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1973இல் கண்ணோட்டம், 1977இல் பணிக்காலம்: அளவுகோல் முன்கூட்டி எழுதி வைக்கப்படாதபோது, ஒவ்வொரு முறையும் ஆளுக்கேற்ற அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

ஆட்சி மாறியது. ஹெக்டே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1977இல் அதன் சபாநாயகரானார். 1978 பிப்ரவரியில் பேக் ஓய்வு பெற்றபோது அடுத்த மூத்தவர் சந்திரசூட். ஜபல்பூர் வழக்கில் அவர் அளித்த தீர்ப்புக்காக அவரைத் தாண்ட வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். நெருக்கடி நிலையில் சிறை சென்றவர்கள் நிறைந்த ஜனதா அரசு அவரையே நியமித்தது. என் பார்வையில் இந்த ஆய்வின் மிக முக்கியமான முடிவு இதுவே. 1973இல் குமாரமங்கலம் சொன்ன கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டால், ஜனதா அரசுக்குச் சந்திரசூட்டைத் தள்ள முழு உரிமையும் இருந்தது. அது செய்யவில்லை. அதே சந்திரசூட் தலைமையில்தான் 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கு தீர்ந்தது. திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை என்று சொன்ன 42ஆம் திருத்தத்தின் பகுதிகள் அதில் வீழ்ந்தன. கேசவானந்த வழக்கில் சிறுபான்மைத் தரப்பில் இருந்தவர் அவர். ஒருவர் நேற்று எழுதிய தீர்ப்பை வைத்து அவர் நாளை எழுதப்போவதைக் கணிப்பது எவ்வளவு நம்ப முடியாத வேலை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை.

1979இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 80ஆவது அறிக்கை, தலைமை நீதிபதி நியமனத்தில் பணிமூப்பையே பின்பற்ற வேண்டும் என்றது. 1958 அறிக்கைக்கு நேர் எதிரான பரிந்துரை. ஆணையத்தின் தலைவராக இருந்தவர் கன்னா.

பின்னர் நியமன அதிகாரமே இடம் மாறியது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கலந்தாலோசனையில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று தீர்ப்பளித்தது. நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் 1998இல் இன்றைய வடிவம் பெற்றது. அதை மாற்ற வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 1949இல் அம்பேத்கர் வேண்டாம் என்று மறுத்த இசைவு அதிகாரம், 1973, 1977 கசப்புகளின் பலத்தில் நீதிபதிகளின் கைக்கே வந்து சேர்ந்தது. கண்ணோட்டம் பார்க்கப்படுவது நின்றுவிட்டதா? அரசு கோப்புகளைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதையும், கொலீஜியம் மறுமுறை அனுப்புவதையும் பார்க்கிறவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள். கேள்வி அறைக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். குமாரமங்கலம் அதை அவையில் நின்று உரக்கச் சொன்னார் என்ற ஒரு வகையில் 1973 இன்றைவிட வெளிப்படையாக இருந்தது.

மாற்றியிருக்க வேண்டியவை

1958 அறிக்கை வந்ததுமே, அல்லது 1971 தேர்தல் வெற்றிக்குப் பிறகேனும், தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை அரசு சட்டமாகவோ நடைமுறை விதியாகவோ எழுதியிருக்கலாம். அரசமைப்புச் சட்டத்தை நான்கு முறை திருத்த அதற்கு நேரமும் பலமும் இருந்தன. 124ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கவும் இருந்திருக்கும். யார் பலன் பெறுவார் என்று தெரியாத நிலையில் எழுதப்படும் விதிக்கும், தீர்ப்பு வந்த மறுநாள் அறிவிக்கப்படும் விதிவிலக்குக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த நிகழ்வின் மையம்.

அடுத்ததாக, கால இடைவெளி. நீதிபதி நியமனத்துக்கான இன்றைய நடைமுறைக் குறிப்பாணையின்படி ஓய்வு பெறும் தலைமை நீதிபதியிடம் உரிய காலத்தில் பரிந்துரை கேட்கப்படுகிறது. பொதுவாகச் சுமார் ஒரு மாதத்துக்கு முன் பெயர் வெளியே தெரிகிறது. 1973இல் அந்த இடைவெளி இருந்திருந்தால், ஒதுக்கப்பட இருந்தவர்கள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. வழக்கறிஞர் சங்கமும் நாடாளுமன்றமும் பதவியேற்புக்கு முன்பே பேசியிருக்க முடியும். வழக்கில் தோற்ற தரப்பு, தீர்ப்பெழுதியவர்களின் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் நிலையும் ஓரளவு தணிந்திருக்கும்.

பணிமூப்பைத் தீர்வாகக் கொண்டாடுபவர்கள் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். பிறந்த தேதியையும் பதவியேற்ற தேதியையும் வைத்துத் தலைமையைத் தீர்மானித்தால், 1991இல் கே.என். சிங் 18 நாட்கள் தலைமை நீதிபதியாக இருந்ததும், 2022இல் யு.யு. லலித் 74 நாட்கள் இருந்ததும் தவிர்க்க முடியாதவை. தேங்கிய வழக்குகளைக் குறைக்கும் எந்தத் திட்டமும் அந்தக் காலத்துக்குள் முளைவிடக்கூட முடியாது. தலைமை நீதிபதிக்குக் குறைந்தது இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நிலையான பணிக்காலம் வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம் இதனால் நியாயம் இருக்கிறது. ஆனால் நிலையான பணிக்காலம் என்றாலே, வயதால் பொருந்தாத சில மூத்தவர்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டப்படுபவர் யார் என்பதை எந்த அமைப்பு, எந்த அளவுகோலால், எத்தனை நாள் முன்னதாகச் சொல்லும் என்று எழுதாமல் அந்தக் கோரிக்கையை ஏற்பது, 1973 ஏப்ரல் 25 அன்று அரசுக்கு இருந்த அதே வசதியை மறுபடியும் அதன் கையில் கொடுப்பதாகும்.